ஆற்றிலிருந்து மழைக்கு: 2015 வெள்ளமும் ஓர் இடைச்செருகல் பிரச்சினையும்

1

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நான் ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தள அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். நள்ளிரவு தாண்டித்தான் தண்ணீர் வந்தது. முதலில் கழிவறை வழியாக, பிறகு வாசல் வழியாக. மாடிக்கு ஓடினோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கியபோது சுவரில் ஒரு கோடு இருந்தது, என் தலைக்கு ஒரு சாண் மேலே. முதுகலை படித்த காலத்துக் குறிப்பேடுகளும் இரண்டு பெட்டிச் சிறுபத்திரிகைகளும் கூழாகிக் கிடந்தன. இதைச் சொந்தச் சோகமாக இங்கே வைக்க விரும்பவில்லை. அன்று உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது அந்தக் கோட்டைப் பற்றி.

கோட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டு இட்லிக்கடை அக்கா கேட்டார்: "இம்புட்டுத் தண்ணியும் மழைத் தண்ணியா, இல்ல தொறந்துவிட்ட தண்ணியா?" அடுத்த மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டில் நடந்த விவாதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது. அரசுத் தரப்பு வானத்தைக் காட்டியது. நூறு ஆண்டில் காணாத மழை, யார் என்ன செய்ய முடியும்? நாம், அதாவது கூட்டம் போட்டும் துண்டறிக்கை அடித்தும் திரிந்தவர்கள், செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைக் காட்டினோம். இரண்டு தரப்பும் ஒரே ஆற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டன. ஆனால் ஆற்றை எப்படி வாசிப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. தமிழ் படித்தவன் நீரியலில் மூக்கை நுழைப்பதற்கு என் நியாயம் இதுதான்: இது வாசிப்பு பற்றிய பிரச்சினை, அதிலும் நமக்குப் பழக்கமான ஒரு வாசிப்பு பற்றியது.

2

மழையை அளக்கிறோம் என்கிறோமே, அது என்ன அளவு? வானிலைத் துறையின் சாதாரண மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அது ஐந்து கோடியில் ஒரு பங்கு. எத்தனையோ சதுர கிலோமீட்டருக்கு ஒரு மானி என்றுதான் நிலைமை. இடையில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் மழை பெய்ததா, எவ்வளவு பெய்தது என்பது ஊகம். மானி எங்கே இருக்கும்? அலுவலக வளாகத்தில், விமான நிலையத்தில், ஏரிக்கரைப் பங்களாவில். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் மானி இருந்து நான் பார்த்ததில்லை. மழை எல்லோர் மேலும்தான் பெய்கிறது, ஆனால் ஆவணத்துக்குள் வருவது சில இடங்களின் மழை மட்டுமே.

இன்னொன்று, மழைக்கு அலுவலக நாள் என்று ஒன்று உண்டு. காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தின் மழை அன்றைய தேதியில் பதிவாகும். எனவே டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டியது, பதிவேட்டில் டிசம்பர் 2இன் மழை. அந்தப் பதிவின்படி தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே இரவு, ஒரே நகரம், கிட்டத்தட்ட இருபது செ.மீ. வித்தியாசம். இதில் எதை 'சென்னையின் மழை' என்பது? நுங்கம்பாக்கத்தை எடுத்துக்கொண்டால் 1976 நவம்பரில் அங்கே ஒரே நாளில் 45 செ.மீ. பெய்திருக்கிறது, 2015இன் மழை அதற்கு ரொம்பக் கீழே. தாம்பரத்தை எடுத்தால் கதை வேறு. 'நூறு ஆண்டில் காணாத' என்ற சொற்றொடர் ஒரு மானியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பேசுகிற பேச்சு.

அதோடு 24 மணி நேரத்துக்கு ஓர் எண் என்பது மழையின் நடையை அழித்துவிடுகிறது. 47 செ.மீ. நாள் முழுக்கச் சீராகப் பெய்ததா, ஆறேழு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா? வெள்ளத்துக்கு இதுதான் முக்கியம். கூட்டுத்தொகைக்கு இது தெரியாது. தானே எழுதும் மானி இருக்கும் இடங்களில் மட்டும் தெரியும்.

3

இங்கேதான் ஆறு வருகிறது. மானி தவறவிட்டதை ஆறு தவறவிடுவதில்லை. மேட்டில் எங்கே பெய்தாலும், மண் குடித்ததும் ஆவியானதும் போக, மிச்சம் ஒரு வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த வாயில் நின்று மணிக்கு மணி நீரோட்டத்தை அளந்தால், பின்னோக்கிப் போய் மழையைக் கண்டுபிடிக்க முடியாதா?

இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1674இல் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்ன் நதியின் தலைப்பகுதியில் ஓர் ஆண்டு விழுந்த மழையையும் ஓடிய நீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். மழை, நீரோட்டத்தைப்போல ஆறு மடங்கு. ஆற்றுக்குத் தண்ணீர் கடலிலிருந்து நிலத்தடிக் குகைகள் வழியாக ஏறி வருகிறது என்று கற்றவர்கள் பலர் நம்பிய காலம் அது. மழையே போதும், மிச்சமும் இருக்கிறது என்று எண்ணைக் காட்டியவர் அவர். சிண்ட்ரெல்லா கதையை எழுதி வைத்த சார்ல் பெரோவின் அண்ணன். ஒரே வீட்டில் ஒருவர் பாட்டி கதையை ஆவணமாக்கினார், இன்னொருவர் ஆற்றை.

1932இல் அமெரிக்கப் பொறியாளர் லீராய் ஷெர்மன் 'அலகு நீர்வரைபடம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட கால அளவில் ஓர் அங்குல நீர் நிலத்தில் வழிந்தால் ஆற்றில் எந்த வடிவத்தில் ஏறி இறங்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், இரண்டு அங்குலத்துக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். மழையிலிருந்து வெள்ளத்துக்குப் போகும் வழி இது. இதையே திருப்பிப் போட்டால் வெள்ளத்திலிருந்து மழைக்கு வரலாம். ஆனால் திருப்பிப் போடும்போது ஒரு விபரீதம் நடக்கிறது. நீரோட்ட அளவில் இருக்கும் சின்னப் பிழை, மழைக் கணக்கில் பெரும் பிழையாக வீங்குகிறது. சில மணி நேரங்களுக்குக் கழித்தல் குறியோடு மழை வரும். அதாவது தரையிலிருந்து வானத்துக்குப் பெய்த மழை! காரணத்திலிருந்து விளைவுக்குப் போவது சரிவில் இறங்குவது போல. விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது அப்படியல்ல.

2009இல் ஜேம்ஸ் கிர்ச்னர் என்ற ஆய்வாளர் வேல்ஸ் நாட்டின் பிளின்லிமோன் மலையில் செவர்ன், வை ஆறுகளின் தலைப்பகுதிகளை வைத்து வேறொரு வழி காட்டினார். மழையும் ஆவியாதலும் இல்லாத நேரங்களில் ஆறு எப்படி வற்றுகிறது என்று கவனித்தால், நிலத்துக்குள் இருக்கும் நீருக்கும் ஆற்றில் ஓடும் நீருக்கும் உள்ள உறவு பிடிபடும். அந்த உறவு கையில் இருந்தால், ஆறு ஏறும் வேகத்திலிருந்து எவ்வளவு மழை உள்ளே போயிருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அங்கே அவர் கணக்கிட்ட மழை, மானி அளந்த மழையோடு நன்றாகவே ஒத்துப்போனது. முழு மலைச்சரிவே ஒரு மழைமானியாகிவிடுகிறது.

இன்னொரு மரபும் உண்டு, அறிவியல் நூல்களில் சற்றுக் கூச்சத்தோடு சொல்லப்படுவது. 1942 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஸ்மெத்போர்ட் என்ற சிற்றூரில் நாலரை மணி நேரத்தில் 30.8 அங்குல மழை. உலகச் சாதனைப் பட்டியலில் இன்றும் பேசப்படுவது. இந்த மாதிரி மழைகளில் அதிகாரிகள் வீடு வீடாகப் போய் முற்றத்தில் கிடந்த வாளி, ஜாடி, போத்தல்களில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து எழுதுவார்கள். வாளிக் கணக்கெடுப்பு என்றே அதற்குப் பெயர். இட்லிக்கடை அக்காவின் மொட்டைமாடியிலும் அன்று ஓர் எவர்சில்வர் தூக்கு இருந்தது, நிரம்பி வழிந்துகொண்டு. நிரம்பி வழிந்த பாத்திரம் 'இதற்குக் குறையாமல்' என்று மட்டுமே சொல்லும். அதுவும் சாட்சிதான். நம் ஊரில் வந்து கேட்க ஆளில்லை.

4

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேலை பரிச்சயமானது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் மூலம் இல்லை. ஏடுகள் இருந்தன, ஒன்றுக்கொன்று மாறுபட்டு, செல்லரித்து, எழுதியவர் கைப்பிழையோடு. விளைவுகளிலிருந்து மூலத்துக்குப் போவதுதான் பதிப்பு. பாடபேதங்களை ஒப்பிட்டு, எது மூலபாடம் என்று ஊகித்து, ஊகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து மழைக்குப் போவதும் இப்படித்தான். மழை என்ற மூலம் பெய்து முடிந்து போயிற்று. கையில் இருப்பவை பிரதிகள்: மானியின் எண், ஏரியின் மட்டம், ஆற்றின் ஏற்றம், சுவரின் கோடு.

பதிப்பாசிரியருக்குத் தெரிந்த இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயும் கொண்டுவர வேண்டும். ஒன்று, வெவ்வேறு மூலங்கள் ஒரே பிரதியைத் தரக்கூடும். காய்ந்த நிலத்தில் பெருமழையும், ஏற்கெனவே ஊறிய நிலத்தில் நடுத்தர மழையும் ஆற்றில் ஒரே உயரத்தைக் காட்டலாம். 2015 நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்து தீர்த்திருந்தது. ஏரிகள் நிரம்பிவிட்டன. எனவே டிசம்பர் 1இன் மழையைத் தாங்கிப் பிடிக்க நிலத்தில் இடமில்லை. ஆறு டிசம்பர் 1ஐ மட்டும் எழுதவில்லை, நவம்பரையும் சேர்த்தே எழுதியது.

இரண்டாவது எச்சரிக்கை, இடைச்செருகல். மூலத்தில் இல்லாத பாட்டை எவனோ எழுதிச் சேர்த்திருப்பான். கவனிக்காத பதிப்பாசிரியர் அதையும் மூல ஆசிரியர் தலையில் கட்டிவிடுவார். ஆற்றின் இடைச்செருகல் எது? உடைந்த ஏரிக்கரை. திறந்த மதகு. கரை உடைந்த ஏரியின் நீர் ஆற்றில் ஒரே மூச்சில் வந்து விழும்போது, பின்னோக்கிக் கணக்குப் போடும் சூத்திரம் அதை மழை என்றே வாசிக்கும். பெய்யாத மழை ஒன்று பெய்ததாக ஆகிவிடும். பிளின்லிமோனில் இந்தத் தொல்லை இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரமோ ஏரிகளின் தொடர். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போவது. கலங்கல் மட்டம் வரும் வரை மேலே எவ்வளவு பெய்தாலும் கீழே சத்தமே வராது. வந்த பிறகு எல்லாம் சேர்ந்து வரும். வேல்ஸ் மலைக்கு எழுதிய இலக்கணத்தை இந்த நிலத்தின் மேல் அப்படியே வைத்து வாசிக்க முடியாது.

5

இப்போது செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1 காலையில் வினாடிக்கு 900 கன அடியாக இருந்த வெளியேற்றம் அன்றே 29,000 கன அடி வரை உயர்த்தப்பட்டது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, 29,000 கன அடி வீதம் 21 மணி நேரம் நீர் திறந்துவிடப்பட்டதைச் சுட்டி, இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது.

பெருக்கிப் பாருங்கள். 29,000 கன அடி வீதம் 21 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 2,190 மில்லியன் கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவில் அறுபது சதவீதம். இது அடையாற்றில் இறங்கியது. இதில் எவ்வளவு அன்றைய மழை, எவ்வளவு முன்னரே சேர்த்து வைத்தது? பதில் ஏரியின் மட்டத்தில் இருக்கிறது. கணக்கு எளியது: வெளியே விட்டதோடு ஏரியில் கூடியதைச் சேர்த்தால், அல்லது குறைந்ததைக் கழித்தால், அதுதான் உள்ளே வந்தது. மட்டம் மாறாமல் நின்றால் வந்ததும் போனதும் சமம். இந்த வரத்து மணிக்கு மணி கிடைத்தால், மானியின் 47 செ.மீ. எந்தெந்த மணி நேரத்தில் கொட்டியது என்பதை ஓரளவு மீட்டுவிடலாம். மழைக்கு ஒரு சோதனையும் கிடைக்கும். 100 சதுர கி.மீ. பரப்பில் 47 செ.மீ. பெய்தால் 1,660 மில்லியன் கன அடி. வரத்துக் கணக்கு இதோடு பொருந்துகிறதா, இல்லையா? பொருந்தவில்லை என்றால் ஒன்று மானியின் மழை அந்தப் பரப்பு முழுக்கப் பெய்யவில்லை, அல்லது மண்ணும் மேலே உள்ள ஏரிகளும் பிடித்து வைத்துக்கொண்டன, அல்லது பதிவேடு சரியில்லை.

கணக்கு எளியது என்றேன். அளவு எளியதல்ல. 10 சதுர கி.மீ. நீர்ப்பரப்புள்ள ஓர் ஏரியில், புயல் காற்றில் அலை அடிக்கிற ராத்திரியில், அளவுகோலை ஓர் அங்குலம் தவறாகப் படித்தால், ஒரு மணி நேரக் கணக்கில் வரத்து வினாடிக்கு 2,500 கன அடி பிசகும். டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நிற்கிற கடைநிலை ஊழியரின் கண்ணும் கையும்தான் இந்த நகரத்தின் வெள்ள வரலாற்றை எழுதுகின்றன. அவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒற்றை எண்ணை நீட்டி 'வரத்து இவ்வளவு, அதனால் திறந்தோம்' என்று மேலே இருப்பவர்கள் சொல்லும்போது, அந்த எண்ணுக்குள் எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, என் சுவர்க் கோட்டை மழையின் உயரமாக வாசிக்கும் ஒவ்வொரு வாசிப்பும் மதகின் நீரை வானத்தின் கணக்கில் எழுதுகிறது. இடைச்செருகலுக்கு மூல ஆசிரியரின் பெயர் வைக்கும் காரியம் இது. யாருக்கு வசதி என்று விளக்க வேண்டியதில்லை. வானத்தின் மேல் வழக்குப் போட முடியாது.

6

ஆனால் நாமும் ஒழுங்காக வாசிக்கவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம் எல்லாம் மூழ்கின. நவம்பர் நடுவிலும் மூழ்கின, டிசம்பர் 1லும் மூழ்கின. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கும் ஊர்கள் அவை. ஷட்டரை இறுக மூடி வைத்திருந்தாலும் அங்கே வெள்ளம் வந்திருக்கும். ஆதனூர், மணிமங்கலம், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் நீர் அது. நம் துண்டறிக்கைகள் அடையாற்றை ஒரே மதகின் ஆறாக எழுதின. அதிகாரிகள் மதகை மறைத்தார்கள், நாம் மழையை மறைத்தோம். ஒரு கூட்டத்தில் முடிச்சூர்க்காரர் ஒருவர் எழுந்து, "எங்க தண்ணிக்கு நீங்க யாரும் பதில் சொல்லலியே" என்றார். மேடையில் நானும் இருந்தேன். என்னிடம் பதில் இல்லை.

அவருக்கான பதிலின் ஒரு பகுதி பழைய பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது. 1884இல் சென்னை மாகாணத்து ஏரிகளையும் பாலங்களையும் மனதில் வைத்து ரைவ்ஸ் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு மாறிலியால் பெருக்கினால் உச்ச வெள்ளம் வரும். கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் மாறிலி 6.8 என்று பாடநூல்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன. கவனியுங்கள், இந்தச் சூத்திரத்தில் மழை இல்லை. பரப்பு இருக்கிறது, மாறிலி இருக்கிறது. அதுவரை பார்த்த மழையெல்லாம் மாறிலிக்குள் புதைந்துவிட்டது. 100 சதுர கி.மீ.க்கு இது தரும் உச்ச வெள்ளம் வினாடிக்குச் சுமார் 146 கன மீட்டர். அதே பரப்பில் 47 செ.மீ. பெய்து அதில் பாதி மட்டும் ஒரு நாளில் ஓடி வந்தால்கூட, அந்த நாளின் சராசரியே 272 கன மீட்டர். உச்சம் அல்ல, சராசரி. இந்த மாதிரி எண்களை நம்பிக் கட்டிய கலங்கலும் மதகுப் பாலமும் என்ன செய்யும்? அதற்கும் மேல் ஏரிக்குள் வீட்டுமனை, கால்வாய் மேல் சாலை, அடையாற்றின் குறுக்கே விமான ஓடுபாதை. ஆற்றிலிருந்து மழையை மீட்டெடுக்கும் வேலை, மாறிலிக்குள் புதைத்த மழையைத் தோண்டி வெளியே எடுக்கும் வேலையும்தான். யார் தவறு என்ற கேள்விக்கு மட்டுமல்ல, அடுத்த பாலத்தை எவ்வளவு அகலமாகக் கட்டுவது என்ற கேள்விக்கும் அது தேவை.

7

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய இடம், மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம். காரணமாகச் சொல்லப்பட்டது: ஆக்கிரமிப்பு, ஆற்றை அடைத்தீர்கள். மழையின் அளவும் மதகின் அளவும் பிரித்துச் சொல்லப்படாத ஊரில், தண்டனை மட்டும் துல்லியமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பின்னோக்கிய கணக்கு வெறும் கல்வியாளர் விளையாட்டு இல்லை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். யாருடைய வீடு போக வேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும்.

கோரிக்கை ஒன்றும் பெரிதல்ல. மணிக்கு மணி ஏரி மட்டம், ஷட்டர் எவ்வளவு திறந்தது, எந்தக் கரை எப்போது உடைந்தது, மழைமானிகளின் மூலப் பதிவு. இவற்றைச் சுருக்காமல், எந்த மனுவும் போடாமல், எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். கூடவே தெருவில் கிடைக்கும் சாட்சியத்தையும். 1889இல் ராபர்ட் மானிங் என்ற ஐரிஷ் பொறியாளர் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. ஆற்றின் குறுக்குவெட்டு, சரிவு, கரையின் சொரசொரப்பு, வெள்ளம் தொட்ட உயரம் இவை தெரிந்தால் எவ்வளவு நீர் ஓடியது என்று மதிப்பிடலாம். ஆற்றங்கரைச் சுவர்களில் இருந்த கோடுகள் எல்லாம் அந்த உயரம்தான். ஆயிரக்கணக்கான ஏடுகள், ஒரே இரவில் எழுதப்பட்டவை.

நான் அந்தக் கோட்டை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டேன், தரையிலிருந்து 6 அடி 2 அங்குலம். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கார அம்மா சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்தார். கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "வெள்ளம் வந்த வீடுன்னு தெரிஞ்சா நாளைக்கு யாருப்பா வாடகைக்கு வருவா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தெருவில் எல்லாச் சுவரும் இப்போது வெள்ளையாக இருக்கிறது. கூட்டங்களில் யாராவது 2015 மழையைப் பற்றி ஆரம்பித்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு? பதிலை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை அதில் எழுபத்து மூன்று வீடுகள் இருக்கின்றன. நான்கு, முடிச்சூரில்.